ஞானப்பல்லும் ஒரு துண்டு கரும்பும்

மக்கா, எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மேல உட்கார்ந்து தட்டுறதுக்குக் காரணம் எங்க மாமாவோட தாடை. கூடவே என்னோட இடது பக்கக் கடைசிப் பல்லும். அது பின்னாடி வரும்.

முதல்ல கொசுவத்திச் சுருள்.

எங்க தாய்மாமா சாத்தூர்க்காரர். வயசு 47. ஒரு பல்லு ஆடுனதில்ல, ஒரு பல்லுல ஓட்டை இல்ல. காராசேவு ஊர்ல பொறந்தவருக்குப் பல்லு அப்படித்தானே இருக்கணும்னு பெருமையா சொல்லிக்குவார். கல்யாண வீட்டுல சோடா மூடியைப் பல்லால திறந்து காட்டுற ஆளு ஒருத்தர் இருப்பாரே, எங்க சொந்தத்துல அது அவர்தான். நல்லி எலும்பை எல்லாரும் தட்டி உறிஞ்சுவாங்க. மாமா கடிச்சே உடைப்பார்.

அப்பேர்ப்பட்ட மனுசனுக்குக் கீழ வலது பக்கம் ஞானப்பல். வெளியவே வரலை. எலும்புக்குள்ள படுக்கை வசத்துல தூங்கிட்டு இருந்துச்சு. அப்பப்ப வீங்கும், மாத்திரை போடுவார், அடங்கும். பத்து வருசமா இதே கதை. போன டிசம்பர் 27-ம் தேதி ஒருவழியா எடுத்தாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சாம். ரொம்ப ஆழத்துல இருந்ததால எலும்பை நிறைய செதுக்க வேண்டியிருந்துச்சுன்னு டாக்டரே சொல்லியிருக்காங்க. நல்ல டாக்டர், கைராசிக்காரங்க, அவங்க மேல எனக்கு ஒரு புகாரும் இல்ல. கையில ஒரு அச்சடிச்ச சீட்டு கொடுத்தாங்க. ஐஸ் வைக்கணும், எச்சில் துப்பக்கூடாது, ஸ்ட்ரா கூடாது, சிகரெட் கூடாது, ஒரு வாரம் மிருதுவான உணவு.

மாமா எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிச்சார். அத்தைக்கே ஆச்சரியம். ஏழு நாள் ரசஞ்சாதம், இட்லியைப் பால்ல கரைச்சு, கூழு. எட்டாம் நாள் தையல் பிரிச்சாங்க, புண்ணு நல்லா ஆறியிருக்குன்னாங்க. பத்தாம் நாள் வலி சுத்தமா இல்ல. பத்தொன்பதாம் நாள் பொங்கல்.

பொங்கல்னா கரும்பு. கரும்பைக் கத்தியால வெட்டித் துண்டு போட்டுத் தின்னா அது ஆம்பளைக்கு அழகில்லைன்னு ஒரு கட்சி உண்டு இல்லியா, மாமா அதுக்கு வட்டச் செயலாளர். தோலைப் பல்லால உரிச்சு, கணுகிட்ட கடிச்சப்ப 'மடக்'னு ஒரு சத்தம். கரும்புதான் உடைஞ்சுதுன்னு நினைச்சிருக்கார். வாயை மூடிப் பார்த்தா பல்லு ஒண்ணோட ஒண்ணு உட்காரலை. "மாப்ள, என் வாயில வேற யாரோட பல்லையோ கொண்டாந்து வச்ச மாதிரி இருந்துச்சுடா"ன்னு அப்புறம் எழுதிக் காட்டினார். ஏன் எழுதிக் காட்டினார்னா, அப்ப அவர் மேல் தாடையையும் கீழ் தாடையையும் சேர்த்துக் கட்டியிருந்தாங்க. மதுரையில எக்ஸ்ரே எடுத்தா, பல்லு இருந்த குழியில ஆரம்பிச்சு தாடையோட கீழ் விளிம்பு வரைக்கும் ஒரு கோடு. டைட்டானியம் தகடு, ஸ்குரூ, மயக்க மருந்து, ஒரு மாசத்துக்கும் மேல கஞ்சியும் ஜூஸும். பல்லு எடுக்க ஆன செலவைப் போலப் பல மடங்கு.

ஊர்ல இப்ப அவர் பேரு 'கரும்பு கடிச்சு தாடை உடைஞ்சவரு'. சிரிப்பா இருக்கும். அந்த வீட்டுல இருந்து பார்த்தா சிரிப்பு வராது.

சரி, மேட்டருக்கு வர்றேன். இது நடந்ததும் நான் செஞ்ச முதல் வேலை, இப்படியெல்லாம் நடக்குமான்னு தேடிப் படிச்சது. நடக்கும். ரொம்ப அபூர்வமா நடக்கும். 2002-ல வெளியான ஒரு பிரெஞ்சுக் கணக்குல ஏழரை லட்சம் ஞானப்பல் எடுத்ததுல 37 தாடை முறிவு. அதாவது இருபதாயிரத்துக்கு ஒண்ணு கிட்ட. நம்ம கண்ணுல படவே படாத எண்ணிக்கை. "சரி, மாமாவுக்கு நேரம் சரியில்ல"ன்னு விட்டுட வேண்டியதுதானேன்னு தோணும். நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன்.

ஆனா இன்னும் கொஞ்சம் படிச்சா ஒரு விசயம் உறுத்துது. இந்த முறிவு யாருக்கு வருதுங்கறது குலுக்கல் சீட்டு மாதிரி இல்ல. 2012-ல பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழ்ல அதுவரைக்கும் பதிவான 130 முறிவுகளை ஒண்ணாத் திரட்டிப் பார்த்திருக்காங்க. பல்லைப் பிடுங்கும்போதே நாற்காலியில உடையறது ஒரு வகை. வீட்டுக்குப் போய் நாள் கழிச்சு உடையறது இன்னொரு வகை. இந்த ரெண்டாவது வகை பெரும்பாலும் ரெண்டாவது, மூணாவது வாரத்துல நடக்குது. பெரும்பாலும் ஆம்பளைங்க. பெரும்பாலும் முப்பதைத் தாண்டினவங்க, நாப்பதுகள்ல இருக்கறவங்க. பெரும்பாலும் ஏதோ மென்னுக்கிட்டு இருக்கும்போது. இதோட மத்த ஆய்வுகள் சொல்றதையும் சேர்த்துக்கோங்க: பல்லு முழுசா எலும்புக்குள்ள புதைஞ்சிருந்தா, மத்த பல்லெல்லாம் முழுசா இருந்தா, எலும்பு நிறைய எடுத்திருந்தா, அந்த இடத்துல நீர்க்கட்டியோ அடிக்கடி வந்த சீழோ எலும்பை ஏற்கனவே அரிச்சிருந்தா, எலும்பு தேய்மானம் இருந்தா, தூக்கத்துல பல்லைக் கடிக்கிற பழக்கம் இருந்தா ஆபத்து கூடும்.

இப்ப மாமாவை ஒரு தடவை மனசுல கொண்டு வாங்க. ஆம்பளை, 47, பல்லு அத்தனையும் உறுதி, ஆழமா புதைஞ்ச பல்லு, பத்து வருச சீழ். அந்தப் பட்டியலை மாமாவைப் பக்கத்துல உட்கார வச்சு எழுதின மாதிரியே இருக்கு. இருபதாயிரத்துல ஒண்ணுங்கறது எல்லாரையும் போட்டுக் கலக்கின சராசரி. அதுல காலேஜ் பசங்களும் நிறைய இருப்பாங்க. மாமாவோட எண்ணிக்கை அது கிடையாது.

நல்ல பல்லு இருந்தா ஏன் ஆபத்து கூடணும்? எனக்கும் முதல்ல புரியலை. விசயம் ரொம்ப சிம்பிள். பல்லு உறுதியா இருக்கறவன்தான் பலமா கடிப்பான். ஆரோக்கியமான ஆம்பளை கடவாப்பல்லுல முழு மூச்சா கடிச்சா அந்த அழுத்தம் ஐம்பது, அறுபது கிலோ எடையை வச்ச மாதிரி. பாதிப் பல்லு போனவர் அவ்வளவு அழுத்த முடியாது, அதனாலயே தப்பிச்சிடுவார். மாமாவோட பெருமையே அவருக்கு வினையாச்சு.

நான் பொட்டி தட்டுற பயதான்னாலும் படிச்சது மெக்கானிக்கல். (எஸ்.ஓ.எம். பேப்பர்ல அரியர் வச்சு எழுதினேன், அதனால மறக்கலை.) தாடையை ஒரு உத்தரம் மாதிரி நினைச்சுக்கோங்க. முன்பக்கம் கடிக்கும்போது, பின்னாடி தாடை மேல்நோக்கித் திரும்புற அந்த மூலையில மேல் விளிம்பு இழுபடும், கீழ் விளிம்பு அமுங்கும். ஞானப்பல் இருக்கறது சரியா அந்த மூலையில. அதை எடுக்கத் தோண்டுற பள்ளமும் இழுபடுற மேல் விளிம்புலதான். ஷாம்பூ சாஷே ஓரத்துல குட்டியா ஒரு வெட்டு வச்சிருப்பாங்க பாருங்க, அது இல்லேன்னா பல்லால கடிச்சாலும் கிழியாது, இருந்தா ரெண்டு விரல் போதும். அந்த வெட்டுதான் இந்தப் பள்ளம். இன்னொண்ணு, உத்தரத்தோட வலு அதோட உயரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். உயரம் பாதியாச்சுன்னா வலு பாதி இல்ல, கால்வாசி. தாடை ஒண்ணும் செவ்வகக் கட்டை இல்ல, கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனா போக்கு இதுதான். ஆழத்துல கிடக்குற பல்லை எடுத்தா கீழ மிஞ்சுறது ஒரு மெல்லிய பாலம். டாக்டர்கள் இந்த ஆழத்தையே 1933-ல இருந்து ஏ, பி, சின்னு வகை பிரிச்சு வச்சிருக்காங்க. பெல், கிரெகரின்னு ரெண்டு பேர் போட்ட வகைப்பாடு. சி-ன்னா ரொம்ப ஆழம். அதாவது, யாருக்குப் பாலம் மெல்லிசா இருக்கப் போவுதுங்கறது எக்ஸ்ரே பார்க்கும்போதே ஓரளவு தெரியும்.

அப்புறம் அந்த மூணாவது வாரம். எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாப் படுது. முதல் வாரம் வீக்கம், வலி, வாயே சரியாத் திறக்காது. கடிக்கணும்னு நினைச்சாலும் முடியாது. உடம்பே கட்டுப் போட்டு வச்ச மாதிரி. ரெண்டு வாரம் போனா ஈறு மூடிடும், வலி போயிடும், வாய் திறக்கும், கடிக்கிற பலம் திரும்பும். ஆனா உள்ளே? குழியில ரத்தக்கட்டு போய் மெத்து மெத்துன்னு இளந்திசு வந்திருக்கும், அவ்வளவுதான். எலும்பு அப்பதான் நூலாம்படை மாதிரி உருவாக ஆரம்பிச்சிருக்கும். சுத்தியிருக்கற எலும்பு விளிம்பை உடம்பே கொஞ்சம் கரைச்சு ஒழுங்குபடுத்திட்டு இருக்கும். கெட்டிப்பட மாசக்கணக்காகும். கடிக்கிற பலம் முழுசா வந்தாச்சு, தாங்குற பலம் இன்னும் வரலை. இந்த இடைவெளிதான் மாமா கரும்பைக் கடிச்ச நாள்.

வலி போனா ஆறிடுச்சுன்னு நாம ஒரு கணக்கு வச்சிருக்கோம். இங்க அது ஏமாத்துது. ஏமாத்துறது தெரியாம அந்தச் சீட்டும் 'ஒரு வாரம்'னு சொல்லுது. என் புகார் அந்த ஒரு வரி மேலதான். இருபது வயசுப் பையனுக்குப் பாதி வெளிய வந்த பல்லைப் பத்து நிமிசத்துல எடுத்தாலும் அதே வரி. 47 வயசுக்காரருக்கு ஒரு மணி நேரம் எலும்பைச் செதுக்கி எடுத்தாலும் அதே வரி. இந்த முறிவுகளை ஆராய்ஞ்சவங்க நாலு வாரம் மிருதுவான சாப்பாடுன்னு சொல்லி வருசக்கணக்காச்சு. ஆபத்துக் கூடுன ஆளுக்காவது அந்தச் சீட்டுல பேனாவால 'நாலு வாரம்'னு திருத்தி, பக்கத்துல தேதியைப் போட்டா என்ன? ஜனவரி 24 வரைக்கும் கரும்பு, முறுக்கு, சீடை, எலும்பு கூடாதுன்னு எழுதியிருந்தா எங்க மாமா கட்டாயம் கேட்டிருப்பார். எச்சில் துப்பாதேன்னதுக்கே ரெண்டு நாள் வாயை மூடி உட்கார்ந்திருந்தவர் அவர்.

இதை என் பல் டாக்டர் நண்பன்கிட்ட சொன்னேன். அவன் உடனே மூணு பதில் வச்சிருந்தான். ஒண்ணு, இருபதாயிரத்துல ஒருத்தருக்கு வர்றதைச் சொல்லிப் பயமுறுத்தினா எடுக்க வேண்டிய பல்லையும் எடுக்காம ஓடிடுவாங்க. சட்டமும் அவன் பக்கம்தான். 2008-ல சமீரா கோலி வழக்குல நம்ம உச்ச நீதிமன்றம், சிகிச்சையோட முக்கியமான ஆபத்துகளைச் சொல்லியே ஆகணும், ஆனா ரொம்ப அபூர்வமான, ஏட்டளவு ஆபத்துகளைச் சொல்லி நோயாளியைக் கலக்க வேண்டியதில்லைன்னு சொல்லியிருக்கு. இங்கிலாந்துல 2015-க்கு அப்புறம் அளவுகோல் வேற, அந்த நோயாளி இடத்துல இருக்கறவருக்கு எது முக்கியமாப் படும்னு பார்க்கணும்ங்கறாங்க. நம்ம ஊர்ல அப்படி இல்ல.

ஆனா நான் கேக்குறது அது இல்லியே. அறுவை சிகிச்சைக்கு முன்னாடி 'தாடை உடையலாம்'னு சொல்லிக் கையெழுத்து வாங்குறதைப் பத்தி நான் பேசவே இல்ல. அதைச் சொல்லலாம், விடலாம், வக்கீலுங்க பார்த்துக்கட்டும். நான் கேக்குறது பின்னாடி கொடுக்குற சாப்பாட்டுக் குறிப்பை. நரம்பு மரத்துப் போச்சுன்னா நோயாளி செய்ய ஒண்ணுமில்ல. ஆனா இந்தச் சிக்கல்ல நோயாளி கையில, அதாவது வாயில, ஏதோ ஒண்ணு இருக்கு. அதை அவர்கிட்ட சொல்லாம வச்சிருக்கறதுக்குப் பயமுறுத்தக் கூடாதுங்கற காரணம் பொருந்தாது.

ரெண்டாவது பதில், நாலு வாரம்னு சொன்னா எவனும் கேக்க மாட்டான், கேக்காத விதியைப் போட்டா மத்த விதியையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுடுவான். இது நியாயம். ஒத்துக்கறேன். அதனாலதான் எல்லாருக்கும் வேண்டாம், அந்தப் பட்டியல்ல இருக்கறவங்களுக்கு மட்டும்ங்கறேன். மூணாவது, நாலு வாரம் கூழு குடிச்சா தாடை உடையாதுன்னு யார் நிரூபிச்சா? அதுவும் சரி. இவ்வளவு அபூர்வமா நடக்குறதை ரெண்டு கோஷ்டியாப் பிரிச்சுச் சோதிச்சுப் பார்க்கணும்னா லட்சக்கணக்குல ஆள் வேணும். நடந்த கேஸ்களை வச்சுத்தான் இந்த அறிவுரையே. ஆனா தப்பாப் போனாலும் நஷ்டம் என்ன? மூணு வாரம் கூடுதலா ரசஞ்சாதம். அதுக்கு ஒரு ஆய்வு வேணுமா?

இன்னொரு கட்சி இருக்கு. "வயசானா ஆபத்து கூடுதுல்ல, அப்ப இருபது வயசுலயே நாலையும் புடுங்கிடணும்." இதுக்கும் நான் தலையாட்ட மாட்டேன். இருபதுல வேர் முழுசா வளர்ந்திருக்காது, எலும்பு வளைஞ்சு கொடுக்கும், சீக்கிரம் ஆறும், உண்மைதான். ஆனா ஒரு தொந்தரவும் கொடுக்காத பல்லைப் பின்னாடி வந்தாலும் வரலாம்னு எடுக்குறது, அத்தனை பேரை நாற்காலியில உட்கார வைக்கிறது. 2000-ல இங்கிலாந்தோட நைஸ் அமைப்பு, நோய் இல்லாத ஞானப்பல்லை எடுக்காதீங்கன்னு விதி போட்டுச்சு. அதோட விலையும் உண்டு: பத்து வருசத்துல அங்க இந்தப் பல்லை எடுத்துக்கறவங்களோட சராசரி வயசு 25-ல இருந்து 32-க்கு ஏறிடுச்சுன்னு 2012-ல எழுதினாங்க. எடுத்தாலும் தலைவலி, விட்டாலும் தலைவலி. ஏன், எடுக்காம விட்டாலும் தாடைக்கு அந்த மூலை பலவீனம்தான். புதைஞ்ச பல்லு உள்ள இருக்கறவங்களுக்கு அடிபட்டா அந்தக் கோணத்துல முறியற வாய்ப்பு கூடுதல்னு நிறைய ஆய்வு இருக்கு. பல்லு எலும்போட ஒட்டி ஒண்ணா இல்ல, இடத்தை மட்டும் அடைச்சுக்கிட்டு இருக்கு.

என் கட்சி நடுவுல. தொந்தரவு இல்லேன்னா விடு. தொந்தரவு திரும்பத் திரும்ப வந்துச்சுன்னா மாத்திரையைப் போட்டு பத்து வருசம் ஓட்டாத. மாமா செஞ்ச தப்பு கரும்பு இல்ல, அந்தப் பத்து வருசம்தான்னு நான் நினைக்கிறேன். 37-ல எடுத்திருந்தா அதே பல்லு, கொஞ்சம் குறைவான சீழ், கொஞ்சம் கூடுதலான எலும்பு.

இப்ப என் பல்லுக்கு வரலாம். எனக்கு 28. கீழ இடது பக்கம், பாதி வெளிய எட்டிப் பார்க்குது, முன்பல் மேல சாஞ்சுக்கிட்டு. அதுக்கு மேல மூடியிருக்கற ஈறுல சாப்பாடு மாட்டி, போன வருசம் ரெண்டு தடவை வீங்கிடுச்சு. ரெண்டாவது தடவை வாயில ஒரு விரல் கூட நுழையலை. ஒரு தடவை வந்தா பொறுக்கலாம், ரெண்டாவது வந்தா எடுக்கலாம்னு அதே நைஸ் விதி சொல்லுது. ஆக, என் முறை வந்தாச்சு.

போன வாரம் டாக்டர்கிட்ட எக்ஸ்ரேவோட போய், வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "இதை எடுத்தப்புறம் கீழ எவ்வளவு எலும்பு மிஞ்சும்?" அவங்க ஒரு மாதிரி பார்த்தாங்க. இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்ல போல. மாமா கதையைச் சொன்னேன். அப்புறம் பொறுமையா, எக்ஸ்ரே மேல பேனா முனையை வச்சு வேர் எங்க முடியுது, நரம்பு எங்க ஓடுது, கீழ் விளிம்பு எங்க இருக்குன்னு காட்டினாங்க. எனக்கு நிறைய எலும்பு இருக்கு. பல்லை ரெண்டா வெட்டி எடுத்தா எலும்பை ரொம்பத் தோண்ட வேண்டாம்னாங்க. "உங்களுக்கு ரெண்டு வாரம் போதும். உங்க மாமா மாதிரி கேஸுக்கு நாலு வாரம் சொல்லணும்தான்"னாங்க. சீட்டை வாங்கிப் பார்த்தேன். 'ஒரு வாரம்'னுதான் அச்சடிச்சிருந்துச்சு. அவங்களே பேனாவால அடிச்சுட்டு ரெண்டுன்னு போட்டுக் கொடுத்தாங்க.

அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை தேதி. மாமாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். கட்டெல்லாம் பிரிச்சாச்சு, இப்ப நல்லாப் பேசுறார். "மாப்ள, எடுத்ததும் ஊருக்கு வந்துடு, அத்தை கூழு நல்லாக் காய்ச்சுவா, எனக்கு ஒரு மாசம் ஊத்தி ஊத்திக் கை பழகிடுச்சு"ன்னார். காராசேவு வாங்கி வைக்கவான்னு கேட்டதுக்குப் பின்னாடி இருந்து அத்தை குரல் வந்துச்சு. என்ன சொன்னாங்கன்னு இங்க எழுத முடியாது :-)